ஒதிலியாவின் பை

கெம்ச்சி துறைமுகத்தில் மூன்றாம் நாளாக மழை.
தெற்குச் சிலேயின் இந்தத் தீவில் அது ஒரு செய்தியில்லை.
ஒதிலியா சிகுவாய் வருகிறாள்,
வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு,
இடது கையில் சிப்பிக் கம்பெனியின் நீலப் பை.
என் மேசைமேல் கவிழ்க்கிறாள்.

அட்டை அட்டையாக விழுகின்றன.
ஒன்பது விதம்.
எல்லாம் நான் எழுதியவை.
ஒன்றிரண்டைத் தவிர
எதிலும் ஒரு குமிழ்கூட உடையவில்லை.

"முதல் மாசம் சாப்பிட்டேன் டாக்டர்.
அந்த வெள்ளை மாத்திரை
மணிக்கொரு தரம் ஒன்றுக்கு விரட்டியது.
பெல்ட்டில் சிப்பி நிற்காது, ஓடிக்கொண்டே இருக்கும்.
ஷிஃப்டுக்கு இரண்டு தடவைதான் எழுந்து போகலாம்.
மூன்றாவது தடவை
சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்ப்பான்."

மூன்று வருஷம்.
ஒவ்வொரு முறையும்
"ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?" என்று
நான் கேட்டது கணினித் திரையிடம்.
"ஆமாம்" என்று
அவள் சொன்னது தன் ரப்பர் பூட்ஸிடம்.
அழுத்தம் இறங்கவில்லை.
வாய்க்குள் போகாத மாத்திரை
தோற்றுவிட்டதென்று இன்னொன்று எழுதினேன்.
அதுவும் தோற்றது. மூன்றாவது.
இத்தனை மாத்திரை வயிற்றைப் புண்ணாக்குமே என்று
வயிற்றுக்கும் ஒன்று.

ஜூலையில் நிமோனியா.
காஸ்ட்ரோ ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ், நல்ல பெண்,
என் பட்டியலை எழுத்து எழுத்தாக நம்பியவள்,
வேளை தவறாமல் அத்தனையும் கொடுத்தாள்.
இரண்டாம் நாள் விடியலில்
கழிப்பறைக்கு எழுந்த ஒதிலியாவின் காலடியில்
தரை இல்லை.

"பொய் சொன்னது நான்" என்கிறாள்
கட்டைத் தூக்கிக் காட்டி.

அங்கேயே விட்டிருக்கலாம்.
எனக்கு வசதியான வாக்கியம் அது.
கதவுக்கு வெளியே பதினோரு பேர்,
ஆளுக்கு எட்டு நிமிடம்.

ஆனால் அந்த முழங்கால் ஸ்கேன்
தொண்டையில் நிற்கிறது.
போன வருஷம் எழுதினேன்.
படகு, பஸ், ஒரு நாள் சம்பளம்.
எழுதும்போதே தெரியும்,
படத்தில் எது வந்தாலும்
நான் சொல்லப்போவது மாறாது.
பத்து வருஷம் ஈரத் தரையில் நின்ற முழங்கால் அது.
"தெரியவில்லை",
"என்னால் ஆவது கொஞ்சம்தான்",
இவற்றைச் சொல்ல நேரம் பிடிக்கும்.
சீட்டைக் கிழித்து நீட்டினால்
எதிரில் இருப்பவர் எழுந்துவிடுவார்.

சொன்னேன். ஏறக்குறைய இதே வார்த்தைகளில்.
காது சூடாகிவிட்டது.

அவள் சிரித்தாள். வருத்தமாக அல்ல.
"தெரியும் டாக்டர்.
எங்கே வலிக்கிறதென்று நான் முடிக்கும் முன்பே
நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள்."

பிறகு ஒவ்வொன்றாக எடுத்தோம்.
இது எதற்கு?
இது அதற்கு.
அது எதற்கு?
...அது இதற்கு.
ஒரு பச்சை டப்பாவுக்கு
எனக்கே காரணம் நினைவில்லை.
கோப்பைத் தேடினேன், அதற்கும் நினைவில்லை.

ஒன்றை வைத்துக்கொண்டோம்.
ஒன்றுக்கு விரட்டாதது, இரவில் போடுவது.
"ஒழுங்காக" என்ற சொல்லைக் கேள்வியிலிருந்து எடுத்துவிட்டு
வேறு மாதிரி கேட்டுப் பார்த்தேன்:
"வாரத்தில் எத்தனை நாள் மறந்துபோவீர்கள்?"
யோசித்தாள்.
"ஞாயிற்றுக்கிழமை நிச்சயம். தங்கை வீட்டில் ஒயின்."
குறித்துக்கொண்டேன்.

பட்டையைச் சுற்றிக் காற்றடித்தேன்.
நூற்று அறுபத்திரண்டு.
அதிகம்தான்.
இருவரும் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தோம்,
மூன்று வருஷத்தில்
பெயர் சொல்லி அறிமுகமான முதல் எண்ணை.

அடுத்த ஆள் கதவைத் தட்டிவிட்டார்.
எட்டு நிமிடம் இருபத்தாறு ஆகியிருந்தது.
அட்டைகளை வாரித் தொட்டியில் போடப்போனேன்,
பையோடு.

"பை வேண்டும்" என்றாள்.
"நல்ல பை. தண்ணீர் ஒழுகாது."