பாலைப்பழக் காலத்தில் மூன்று மலைகள்

பசறையில் பிறந்தவளிடம்
இதையெல்லாம் மலை என்று காட்டாதே என்றேன்.
தவயோகன் கிளச்சைப் பிடித்தபடி சொன்னான்:
"இருநூறு அடி. வன்னிக்கு இது காணும்."

பொசன் போயா. அவன் வேலை செய்யும் ஆலைக்குப் பூட்டு.
நெடுங்கேணியிலிருந்து விடியப் புறப்பட்டோம்.
பெட்ரோல் தாங்கியில் ஆரணி,
எனக்கும் அவனுக்கும் நடுவில்
பொங்கலுக்குப் பச்சையரிசி, சருவச்சட்டி,
ஒரு போத்தல் தேங்காயெண்ணெய்.

முதல் மலை ஒரு யானை படுத்த அளவு.
வீரை மரத்தடியில் துருப்பிடித்த சூலம்,
அதில் தேனெடுக்கிறவர்கள் கட்டிய கறுத்தத் துணி.
பூசாரி இல்லை. உண்டியல் இல்லை.
குரங்கு ஒன்று எங்கள் வாழைப்பழத்தை
நேரடியாகவே பெற்றுக்கொண்டது.

இரண்டாவதில் சனம்.
பதவியாவிலிருந்து இரண்டு பஸ்,
வெள்ளைச் சட்டையில் பிள்ளைகள், தட்டில் பூ,
பாதி இடிந்த செங்கல் மேட்டைச் சுற்றி
மெதுவாக நகரும் வெள்ளை.
அடிவாரத்தில் தன்சல்: சிவப்புச் சர்பத், கசகசா மிதக்க.
ஆரணி மூன்று கோப்பை குடித்தாள்.
ஊற்றியவர் என்னோடு சிங்களத்தில் கதைத்தார்,
நானும் கதைத்தேன், பசறைக் கடைத்தெருவில் பழகிய சிங்களம்.
தவயோகன் தள்ளி நின்று
மோட்டார் சைக்கிளின் கண்ணாடியைத் துடைத்தான்,
ஏற்கெனவே துடைத்திருந்த கண்ணாடியை.

மூன்றாவதன் வாசலில் மூன்று மொழியில் பலகை.
பதிவேடு. பெயர், அடையாள அட்டை இலக்கம், நோக்கம்.
அவன் "கும்பிட" என்று எழுதினான்.
நான் வாங்கி, என் பெயருக்கு நேரே
"மலை பார்க்க" என்று எழுதினேன்.
இரண்டும் பொய்யில்லை.

காவலுக்கு சுனேத்ரா. காக்கிச் சட்டை, செருப்பில் ஒரு வார் அறுந்து
ஊக்கு குத்தியிருந்தது.
கற்பூரம் கூடாது நங்கி, அடுப்பும் கூடாது,
கல் கறுத்துவிடும், என்றாள்.
தன் அம்மா இன்று சில் எடுத்திருக்கிறாளாம்.
தனக்கு ஆறு மணியிலிருந்து இந்தக் கதிரை.
பிறகு தானும் எங்களோடு ஏறினாள்,
பார்த்துக்கொள்ளவோ, பேச்சுத் துணைக்கோ.

எங்கள் ஊரில் ஒரு மலை ஏறினால்
இன்னொரு மலைதான் தெரியும்.
இங்கே, இந்தக் குட்டிப் பாறையின் தலையில்,
நாலு பக்கமும் வானம் தரைக்கு வந்து இறங்குகிறது.
காடு. குளம். காடு. ஒரு தொலைபேசிக் கோபுரம்.
தவயோகன் விரலால் காட்டிக்கொண்டே வந்தான்:
அது ஒட்டுசுட்டான் றோட்டு, அது மாமாவின் வயல்,
அது
என்றவன் விரலை மடக்கிக்கொண்டான்.
நான் கேட்கவில்லை.

உச்சியில் சதுரக் கல்லொன்று, ஒன்பது குழிகளோடு.
அவன் ஆவுடையார் என்றான்.
சிலைக்கு அடியில் வைக்கிற கல் என்றாள் சுனேத்ரா.
இருவரும் என்னைப் பார்த்தார்கள்,
மொழிபெயர்க்கச் சொல்லியா, தீர்ப்புச் சொல்லியா தெரியாது.
அதற்குள் ஆரணி
வழியில் பொறுக்கிய பாலைப்பழங்களைக்
குழிக்கு ஒன்றாக வைத்து முடித்திருந்தாள்.
இருவருக்கும் வாய் திறந்தது.
எதுவும் வரவில்லை.
எறும்புகள்தான் முதலில் வந்தன.

மிச்சப் பழத்தை நால்வரும் தின்றோம்.
பாலைப்பழத்தின் பால் தெரியும்தானே,
உதட்டோடு உதட்டை ஒட்டிவிடும்.
கொஞ்ச நேரம் ஒருவரும் ஒன்றும் சொல்ல முடியாமல்
முழங்கையால் வாய் துடைத்துச் சிரித்தோம்.
விளக்குக்கென்று கொண்டுபோன எண்ணெய்
நாலு வாய்க்கும் சரியாக இருந்தது.

இறங்கிப் பலகை தாண்டி,
குளக்கட்டில் மூன்று கல் வைத்துப் பொங்கினோம்.
ஈர விறகு. கண் எரிந்தது.
புகை கட்டோரமாய் ஊர்ந்து
திரும்பவும் மலைப்பக்கமே போனது.
கதிரையில் இருந்து சுனேத்ரா கை அசைத்தாள்,
வா என்றா, அணை என்றா,
அவ்வளவு தூரத்தில் பிடிபடவில்லை.
ஒரு கிண்ணத்தில் கொண்டுபோய்க் கொடுத்தான் தவயோகன்.
வரும்போது கிண்ணம் இல்லை.

"கழுவித் தருவாளாம். அடுத்த போயாவுக்கு."
அவனுக்கு அவ்வளவு சிங்களம் தெரியும் என்று
எனக்கு அன்றுதான் தெரியும்.