இருபத்து நான்கு நிமிடம்

ஊரின் பெயர் பாலன்.
எனக்கு அறுபத்திரண்டு முடிந்து நான்கு மாதம்.
மெல்போர்னிலிருந்து வரும் வழியில்
அந்தப் பெயர்ப்பலகையைத் தாண்டும்போதெல்லாம்
தனியாகச் சிரித்துக்கொள்வேன்.
விளக்கினாலும் மௌரீனுக்குப் புரியாது.

என் முதுகில் எண்ணைக் குத்துகிறாள் மௌரீன்.
நான்கு ஊக்கு, நான்காவது தோலில்.
"மன்னிச்சுக்கோ, கோ."
கோதை என்பதை முதல் வாரமே சுருக்கிவிட்டார்கள்.
சாலையோரம் நின்று "கோ, கோ" என்று யாராவது கத்தினால்
கூப்பிடுகிறார்களா விரட்டுகிறார்களா
இன்றுவரை தெரியாது.

இந்தப் பந்தயத்தில் மெதுவானவர் முதலில் கிளம்பவேண்டும்.
கீத், ஓய்வுபெற்ற நில அளவையாளர்,
எங்கள் வயதை, என் முழங்காலை,
நெல்லோவின் புது இடுப்பெலும்பை
கூட்டிக் கழித்து நிமிடமாக்கித் தருகிறார்.
எங்கள் மூவருக்கும் இருபத்து நான்கு.
கடைசிக் கூட்டத்துக்குச் சுழியம்.
அவர்கள் இன்னும் காருக்குள் உட்கார்ந்து
வாழைப்பழம் தின்கிறார்கள்.

வெரிபீயில் பஸ் அட்டவணை போடுவது என் வேலை.
இருபத்து நான்கு நிமிடம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.
ஒரு பஸ்ஸைத் தவறவிட்டு, அடுத்தது நிரம்பிப் போய்,
மூன்றாவதுக்கு நிற்பவரின் முகம் அது.

மேற்கிலிருந்து காற்று,
உருளைக்கிழங்கு வயல்களைத் தடவிக்கொண்டு
நேராக நெஞ்சில்.
ஒரு நிமிடம் நான் முன்னால்,
ஒரு நிமிடம் மௌரீன்,
நெல்லோ தன் முறை வரும்போதெல்லாம்
இத்தாலிய மொழியில் காற்றை ஏசுகிறார்.
ஒருவர் பின்சக்கரத்தை ஒருவர் பார்த்தபடி,
நடுவில் ஒரு சாண்.
என் கணவர் முகத்தைக்கூட
இத்தனை நேரம் இத்தனை கவனமாய்ப் பார்த்ததில்லை.

முதல் சுற்று முடிவில் நெல்லோ கழன்றார்.
போங்கள் என்று கையை வீசினார்,
ஈயை விரட்டுவதுபோல.
போனோம்.
நான் திரும்பிப் பார்க்கவில்லை.
இதைப் பெருமையாகவும் சொல்லவில்லை,
வெட்கப்பட்டும் சொல்லவில்லை.

பாலத்துக்கு அப்பால் ஏற்றத்தில்
மாடுகள் தலை தூக்கின.
எங்களைப் பார்த்தல்ல.

சத்தம்தான் முதலில் வரும்.
குக்கர் விசிலடிக்குமுன் வருமே ஒரு சீறல், அது.
அப்புறம் நிழல்கள்.
அப்புறம் வலப்பக்கம் முழுக்கக் கால்கள்,
மழித்த, எண்ணெய் தடவிய, நரம்பு தெறித்த கால்கள்,
நடுவில் கிளம்பியவர்களையெல்லாம் விழுங்கிக்கொண்டு.
ஒருவரும் எங்களைப் பார்க்கவில்லை,
ஒரு பையனைத் தவிர.
பையன் என்றால் நாற்பது இருக்கும்.
"பின்னால ஒட்டிக்குங்க" என்றான்.

ஒட்டிக்கொண்டேன்.
கடைசிச் சக்கரத்துக்குப் பின்னால்
காற்றே இல்லாத ஓர் அறை இருக்கிறது.
அதில் நான் குடியிருந்தது
இரண்டு கிலோமீட்டர், கொஞ்சம் குறைவாகவே.
கைப்பிடிமேல் இருந்த சின்னத் திரையில்
யாருடைய எண்ணோ ஓடியது.
பிறகு ஒரு வளைவு, ஒரு தயக்கம்,
ஒரு சைக்கிள் நீளம்.
கதவு சாத்தியாயிற்று.

பதினேழாவது வந்தேன். மௌரீன் பத்தொன்பது.
நெல்லோ யாரோ ஒருவரின் டிரக்கில் வந்திறங்கி
எங்கள் இருவரையும் ஏசினார், காற்றை ஏசிய அதே சொற்களால்.

மண்டபத்தில் தேநீர். ஜாம் வைத்த ரொட்டி.
பென்சிலைக் காதில் செருகியபடி கீத் வந்தார்.
"பிரமாதம், கோ.
அடுத்த மாசம் உனக்கு
மூணு நிமிஷம் குறைக்கிறேன்."

போன வாரம்தான் மருத்துவர்,
திரையைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு,
ஏறக்குறைய இதையே சொன்னார்.
அவருக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை.
கீத்துக்குச் சொன்னேன்.
இன்னொரு ரொட்டியும் எடுத்துக்கொண்டேன்.

வீட்டிலிருந்து போன்.
"விழலையே?"
"இல்ல. மூணு நிமிஷம் போச்சு."
"எதுல?"

குனிந்து ஷூவைக் கழற்ற முடியாமல்
சுவரைப் பிடித்து நின்றபடி
மௌரீன் எங்கே என்று பார்த்தேன்.