வெள்ளைப்பிள்ளைக் கல்

கச்சேரியிலிருந்து கடிதம்,
மூன்று முத்திரை குத்தி, என் பெயருக்கு.
இங்கிலாந்தில் ஒரு பிரபு,
அஷ்வெதர் வம்சத்தில் ஆறாவது,
பாலையடிக்குளத்துக் கல்லொன்றைக் கேட்கிறாராம்
குடும்பத் தேவாலயத்தில் வைக்க.
நில அளவையாளர் அபிப்பிராயம் தருக.

கல்லை எனக்குத் தெரியும்.
மீள்குடியேற்றத்து முதல் மாதம்
கண்ணிவெடிக்காரரின் மஞ்சள் நாடாவுக்குள்,
துருசுக்கு வடக்கே நான்கு சங்கிலியில்,
இம்மியும் சாயாமல் நின்றது.
கிளெமென்சி. பதினான்கு மாதம்.
மிச்ச எழுத்தைப் பாசி வாசித்து முடித்திருந்தது.

தகப்பன் எட்மண்ட் அப்போது பிரபு இல்லை.
வீட்டுக்கு இரண்டாவது மகன்,
அரண்மனையும் நிலமும் அண்ணனுக்கு என்பதால்
கப்பலேறி வந்து எங்களுக்குத் துரையானவன்.
அவன் நாட்குறிப்பின் பிரதியும் இணைப்பில் இருந்தது.
'யானை இரண்டு. வரி நிலுவை. சனம் காய்ச்சலில்.'
பிள்ளை இறந்த நாளுக்கு
'மழை, இரண்டரை அங்குலம்.'
அவ்வளவுதான்.
அடுத்த மூன்று பக்கமும் வெறும் தாள்.
அந்த வெறும் தாளையும் பிரதி எடுத்து
பக்க எண்ணோடு அனுப்பியிருக்கிறார்கள்.

பிறகு நரி வேட்டையில் அண்ணன் குதிரையால் விழ
தம்பிக்குப் பட்டம் வந்தது.
முப்பத்தொரு வருடம் பிரபுக்கள் சபையில் இருந்தான்.
ஒன்பது தரம் எழுந்து பேசினான்,
ஐந்து தரம் ஆற்று மீன்களைப் பற்றி.
இலங்கையைப் பற்றி ஒருமுறை:
நல்ல காடு, ஆட்கள் குறைவு.
வம்ச மரத்தில் நான்கு ஆண்பிள்ளைகள்.
ஒருவர் மந்திரி, ஒருவர் போரில்,
ஒருவர் கடனில், ஒருவர் ஆயர்.
இவளுக்கு ஒரு சுள்ளியும் கீறவில்லை.
இப்போதைய பிரபுவுக்குப் பரம்பரை ஆசனம் போய்விட்டதாம்.
அதற்குப் பிறகுதான்
பழைய பெட்டிகளைத் திறக்க நேரம் கிடைத்திருக்கிறது.

எங்களுடைய கதை வேறு.
திருகோணமலையிலிருந்து மாட்டு வண்டியில்
பதினொரு நாள் வந்த கருங்கல் அது.
அசையாதது வேறொன்றும் அகப்படாததால்
முதல் அளவைக்காரன் சங்கிலியை
அதில் கொளுவினான்.
ஊரின் காணியெல்லாம் அவள் தலைமாட்டில் தொடங்கின.
உறுதிகள் எரிந்தன. வேலிகள் போயின.
எல்லைக்கு நின்ற முதிரைகள்
பங்கருக்குக் குற்றிகளாயின.
திரும்பி வந்த சனத்துக்கு நான் அளந்து கொடுத்தது
அந்தக் கல்லிலிருந்துதான்,
லொட் ஒன்றிலிருந்து நூற்றுப் பன்னிரண்டு வரை.

லொட் பதினேழு கோமளாதேவியுடையது.
கடிதத்தைப் பற்றிச் சொன்னேன்.
"இந்தப் பிள்ளை இஞ்சதான் கிடக்குதெண்டு
அவைக்கு இவ்வளவு காலமும் தெரியுமோ?"
"தெரியும். எழுதி வைச்சிருக்கினம்."
நாயுண்ணிப் பற்றையை
வெட்டிக்கொண்டே சொன்னாள்:
"குடுத்துவைச்ச குடும்பம்."
கொஞ்சம் கழித்து,
கிணறு தன் பக்கம் வருமா
பூரணலிங்கத்தார் பக்கம் போகுமா என்று கேட்டாள்.
அவள் பக்கம்தான். முக்கால் அடியால்.

அபிப்பிராயம் எழுதினேன்.
கல்லை எடுக்கலாம்.
எடுத்தால் நூற்றுப் பன்னிரண்டு காணியையும்
மீள அளக்க வேண்டும்,
செலவு விண்ணப்பதாரருடையது.
அல்லது அட்சக்கோடும் நெடுங்கோடும்
ஏழு தசமத்துக்குத் தரலாம்.
தேவாலயச் சுவரில் அதை வெட்டட்டும்.

கல் நிற்கும் துண்டுக்கு
வரைபடத்தில் எண் இல்லாதிருந்தது.
புதிதாகப் போட்டேன், நூற்றுப் பதின்மூன்று.
பரப்பு கால் பேர்ச்சிலும் குறைவு.
உரிமையாளர் என்ற நிரலில்
வம்சப் பெயரை விட்டு
'கிளெமென்சி, குழந்தை' என்று எழுதினேன்.

மேலதிகாரி அதைச் சிவப்பு மையால் வெட்டி,
பழைய பழக்கத்தில்,
'முடிக்குரிய காணி' என்று திருத்தினார்.