லேட்

பத்திரத்தில் செத்தவர் பேருக்கு முன்னால்
லேட் என்று போடுவோம்.
இருபத்தெட்டு வருஷமாகக் கீவளூரில்
சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே உட்கார்ந்து
எத்தனை லேட் போட்டிருப்பேன்.
கை நின்றதில்லை.

தையல்நாயகி வந்தது
ஆற்றில் தண்ணீர் வந்த நாலாம் நாள்.
வடுகங்குடியில் மூன்று மா நிலம்,
புது ரயில்பாதைக்குப் போகிறது.
பணம் கைக்கு வரப் பட்டா மாறணும்.
பட்டா இன்னும்
அவள் புருஷனின் தாத்தா பேரில்:
அம்மாசி மகன் உத்திராபதி.

லேட்தானே, என்றேன்.
அப்படி எழுதினா
அஞ்சம்மா கையெழுத்துப் போடாதாம், என்றாள்.
அஞ்சம்மா அவர் சம்சாரம்.
எண்பத்தாறில் போனாள், கழுத்தில் தாலியோடு.

முப்பத்தேழில் நாகப்பட்டினத்தில்
கப்பல் ஏறியிருக்கிறான்.
பினாங்கு. அங்கிருந்து ரப்பர் தோட்டம்.
கடைசிக் கார்டு நாற்பத்தொன்று கார்த்திகை:
'இங்கு மழை. மேலச்செய்க்கு வரப்பு வைக்கவும்.
தையில் பணம் அனுப்புகிறேன்.'
தை பிறக்குமுன் ஜப்பான்காரன்
சைக்கிள் மிதித்து வந்துவிட்டான்.

பர்மா அரிசி நின்றது.
சர்க்கார் ஆட்கள் களத்துக்கே வந்து
நெல்லை அளந்து ஏற்றிப் போனார்கள்.
அறுத்தவள் அஞ்சம்மா.
அதே ஊரில் ரேஷன் கார்டோடு
அரைப்படிக்கு நின்றவளும் அவள்தான்,
இடுப்பில் பிள்ளை,
எதிரே ஆள் உயரத்துக்குக் கதிர்.

நாற்பத்தாறில் மொகைதீன் பிச்சை என்று ஒருவர்
கப்பலிலிருந்து இறங்கி
விசாரித்து விசாரித்து வந்தாராம்.
மடியில் ஒரு கட்டு நோட்டு,
வாழைத்தார் படம் போட்டது,
உத்திராபதியின் கூலி.
ஒரு டீக்கும் ஆகாது.
சயாமில் ரயில் போட ஆள் பிடித்தார்கள், என்றார்.
கட்டைக்கு ஒருத்தன் செத்தான், என்றார்.
காலரா, என்றார்.
நீங்க பாத்தீங்களா? என்றாள்.
நான் அடுத்த கேம்ப், தாயி.
பாக்கலைதானே, என்று சொல்லி
மோர் கொடுத்து அனுப்பியிருக்கிறாள்.

அதற்குள் எங்கோ ஒரு வளைகுடாவில்
கப்பல் தட்டில் மேசை போட்டு
யுத்தம் முடிந்ததாகக் கையெழுத்தாகிவிட்டது.
எனக்கு ஒரு சந்தேகம், தொழில் புத்தி.
அந்தப் பத்திரத்துக்கு நான்கெல்லை எழுதினார்களா?
இன்னார் இறந்தார், இன்ன இடத்தில்,
இன்னாருக்குப் பாத்தியதை என்று
ஒரு வரி?

ராத்திரி வீட்டில் நானே எழுதிப் பார்த்தேன்.
'தண்டவாளத்துக்கு மேற்கு,
பேர் தெரியாத ஆற்றுக்கு வடக்கு,
மூங்கில் காட்டுக்குக் கிழக்கு,
இதற்குள் பட்ட'
அதற்கு மேல் ஓடவில்லை.
தெற்கே யார் கிடக்கிறார்கள் என்று தெரியாமல்
எல்லை எப்படிக் கட்டுவது?

வக்கீல் சுலபமாகச் சொல்லிவிட்டார்.
ஏழு வருஷம் சேதி இல்லையா, செத்தவர்.
சட்டத்தில் இருக்கு.
அஞ்சம்மாவிடம் யாரோ சொல்லியிருக்க வேண்டும்.
சொன்னார்களாம், கிராம முன்சீப்பே.
'சேதி அனுப்பலேன்னா சாவா?
எங்க அண்ணன் திருவாரூர்ல இருக்கான்,
பத்து வருஷமா ஒரு சேதி இல்ல.'

திதி தெரியாதவனுக்கு ஆடி அமாவாசை.
அதற்கும் அவள் கோடியக்கரை போனதில்லை.
ஊரோடு வண்டி கட்டும் நாளில்
மேலச்செய்யில் நின்று வரப்பு வைத்தாளாம்.
கார்டில் எழுதியிருந்ததே.

கோர்ட்டு உத்தரவு வந்தது பதினாலு மாசம் கழித்து.
படிவத்தில் இறந்த இடம் என்ற கட்டத்துக்கு
ஒரு கோடு இழுத்தேன்.
பேருக்கு முன்னால் அந்த இரண்டெழுத்தை
வழக்கத்தைவிடச் சின்னதாகப் போட்டேன்.
தையல்நாயகி குனிந்து பார்த்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டாள்.

மேலச்செய்யில் கல் நட்டுவிட்டார்கள்.
நாற்றுக்கு நடுவே சிவப்பு மண் கொட்டுகிறது லாரி.

பணம் வாங்கிய அன்று கேட்டாள்:
இந்த ரயில் எதுவரைக்கும் போகும்?
வேளாங்கண்ணி, என்றேன்.
அதுக்கு அந்தாண்ட?
கடல்.
ம், என்றாள்.
பஸ் வந்துவிட்டது.