எட்டுச் சுழியங்கள்

களியக்காவிளை மீன்சந்தைக்குப் பின்புறம்
பம்புசெட் கடையின் மாடியில் இருந்துகொண்டு
கோப்புகளின் முந்தைய நிலைகளைக் காப்பாற்றுகிற
மென்பொருள் ஒன்றை எழுதுகிறேன்.
நில அளவையாளர்கள் பதினோரு பேர் பயன்படுத்துகிறார்கள்.
பத்துப் பேர் இந்தப் பக்கம்.

ஒருத்தி மட்டும் பாறசாலையில், மினிமோள்.
அவளுடைய கணினி இணையத்தைப் பார்த்து
ஆறு வருடம் ஆகிறது.
பென்டிரைவில் வரைபடம் போகும்
பென்டிரைவில் வரும்
இடையில் ஒரு செக்போஸ்ட்
ஒரு கட்டு மரச்சீனி
சில்லறை இல்லாத ஒரு கண்டக்டர்.

ஆனி மழையில் நான் புது வடிவம் வெளியிட்டேன்.
கல் நட்ட இடம் மட்டும் போதாது,
நடும்போது யார் கூட நின்றார்கள்
என்பதும் கோப்பில் இருக்கட்டும் என்று.
தலைப்பில் ஒன்று இருந்த இடத்தில் இரண்டு போட்டேன்.
பழைய நிரல் அதைப் பார்த்தவுடன்
'எனக்குத் தெரியாது' என்று நின்றுவிடும்
என்று நம்பினேன்.

நிற்கவில்லை.
அந்த எண்ணைப் படிக்கும் வரியையே
முதல் பதிப்பில் நாங்கள் எழுதவில்லை.

மினிமோளின் கணினி கோப்பைத் திறந்தது,
தெரிந்ததைப் படித்தது,
தெரிந்ததை மட்டும் திருப்பி எழுதி
மூடியது.
பிழைச்செய்தி இல்லை, பீப் ஒலிகூட இல்லை.
லில்லிபுஷ்பத்தின் ரப்பர் தோட்டத்தில்
நாலு கல்லும் நின்றன
சாட்சிகள் ஒருவரும் இல்லை.

பதினேழு நாள் கழித்துத்தான் தெரிந்தது,
பக்கத்துத் தோட்டக்காரர் கம்பிவேலியோடு வந்த அன்று.

என் பிரதியிலிருந்து பெயர்களை மீட்டுவிட்டேன், சரி.
ஆனால் அவளுக்கு என்ன சொல்வது?
புதுசு வாங்கு என்றா?
அவளிடம் உள்ளது ஓடுகிறது.
ஓடுகிற ஒன்றைப் பழுது என்று சொல்ல
எனக்கு வாய் வரவில்லை.

முதல் பதிப்பின் வரிகளை
அச்செடுத்துப் படித்தேன், பென்சிலோடு.
நாற்பதாவது பைட்டில் தொடங்கி
எட்டுச் சுழியங்கள்.
அருகில் ரூபஸின் குறிப்பு:
'எதுக்காவது ஆகும்.'

ரூபஸ் இப்போது தோஹாவில்
ஏ.சி. குழாய்களுக்குக் கணக்கெழுதுகிறான்.
அன்று நான்தான் சண்டை போட்டேன்,
இடம் வீண் என்று, அதுவும் எட்டு பைட்டுக்கு!
அவன் பதில் சொல்லாமல் டீ குடிக்கப் போனான்.
போகுமுன் இன்னொரு வரி எழுதியிருக்கிறான்:
அந்த எட்டையும் படித்தபடியே
மாற்றாமல் திருப்பி எழுது.

புரியாததைத் தாண்டிப் போகிறவர்கள் உண்டு.
புரியாததை அழித்துவிடுகிறவர்களும் உண்டு, நிறைய.
புரியாததைப் பத்திரமாகக் கொண்டுவந்து
கொடுத்தவர் கையிலேயே திருப்பிக் கொடுக்க
ஒரு வரி நிரல் போதுமாயிருந்திருக்கிறது.

சாட்சிகளைத் தனிக்கோப்பில் வைத்தேன்.
எட்டுச் சுழியத்தின் இடத்தில்
அந்தக் கோப்பின் முகவரி.
தலைப்பில் மறுபடி ஒன்று.
தனிக்கோப்பில் இனி வரப்போகும் பகுதிகளுக்கு
இப்போதே ஒரு விதி:
பெயரின் முதலெழுத்து குறில் என்றால்
தெரியாதவன் தாண்டிப் போகலாம்,
நெடில் என்றால்
தெரியாதவன் கைவைக்கக் கூடாது.

வியாழக்கிழமை பென்டிரைவைக் கொடுத்தனுப்பினேன்,
மீன்வண்டி ஓட்டும் ஜஸ்டின்ராஜிடம்.
வெள்ளி மதியம் திரும்பி வந்தது
அயலை வாடையோடு.
துடைத்துவிட்டுச் செருகினேன்.
அவள் ஒரு கிணற்றை நகர்த்தியிருந்தாள்,
ஒரு பாதையைச் சேர்த்திருந்தாள்.
நாற்பதாவது பைட்டுக்குப் போய் எண்ணினேன்.
எட்டும் இருந்தன.
முகவரி திறந்தது. லில்லிபுஷ்பம், தேவசகாயம்,
பெயர் எழுதத் தெரியாத ஒருவரின்
பெருவிரல் குறி.

சாயங்காலம் மினிமோள் கூப்பிட்டாள்.
'சேச்சி, எந்தெங்கிலும் மாத்தியோ?
எல்லாம் பழைய மாதிரியே இருக்கே.'

கீழே யாரோ பம்புசெட்டை ஓடவிட்டுப் பார்த்தார்கள்,
மாடி முழுக்க நடுங்கியது.

ஒன்றுமில்லை மோளே, என்றேன்,
ஒன்றும் மாத்தல.