கூரைச் சோதனை

நோர்வேயிலயிருந்து கப்பலேறி வந்த கரவன்
சுழிபுரத்தில, வேப்பமரத்துக்குக் கீழ,
செங்கல்லு அடுக்கில நிக்குது.
இலங்கை முழுக்கச் சுத்த எண்டு கொண்டுவந்தவர்
கீரிமலைக்கு ஒருக்காப் போனார், மன்னாருக்கு ஒருக்காப் போனார்,
பிறகு லீவு முடிஞ்சுது.

"ஜெனார்த்தனன், கூரை ஒழுகுது போல. மாரிக்கு முதல் பாரும்."
காசு வந்தது. ஆறு குழாய் சீலன்ற் பாசலில வந்தது.
பிளாஸ்ரிக் சுரண்டி ஒண்டும் வந்தது,
கத்தி மட்டும் வைக்கப்படாது எண்டு
மூண்டுதரம் சொல்லுற குரலோட.

நான் அலுமினியம் பொருத்துறவன்.
ஜன்னல், கடைக்கதவு, நுளம்பு வலை.
சில்லுப் பூட்டின வீடொண்டின்ர உச்சந்தலையில
முழங்கால் குத்தி நிண்டது இதுதான் முதல்.
விடிய ஆறுக்கு ஏறினன்.
பத்துக்குப் பிறகு அந்தத் தகட்டில தோசை சுடலாம்.

பழசு லேசில வராது.
மச்சாளின்ர சலூனில
தலை காயவைக்கிற மெசினை இரவல் வாங்கி
சூடு காட்டக் காட்டத்தான் இளகுது.
மேல கறுப்புத் தார். இங்கத்தைக் கை,
மழைக்குள்ள நிண்டு அப்பியிருக்கு.
அதுக்குக் கீழ சிலிக்கன்.
அதுக்கும் கீழ, தகட்டோட தகடாய்,
ஒரே அகலத்தில, நேராய், வெள்ளைக் கோடு:
எங்கயோ ஒரு தொழிற்சாலையில
ஆரோ அவசரமில்லாமல் இழுத்தது.
அவனை எனக்குப் பிடிச்சுது.
அவனையும் சுரண்டினன்.

சிலிக்கன்தான் கள்ளன்.
தனக்கு மேல ஒண்டையும் ஒட்ட விடான்,
இன்னொரு சிலிக்கனைக்கூட.
உரிச்சு எறிஞ்சாலும் வழுக்கலாய் மிஞ்சுவான்.
ஸ்பிரிற் போட்டுத் துடை,
விரலால தடவு,
திருப்பித் துடை.

கறை கிடந்தது கட்டிலுக்கு மேல.
அதால எல்லாரும் கட்டிலுக்கு மேலயே பூசியிருக்கினம்.
தண்ணி புகுந்தது பத்தடி தள்ளி,
அன்ரெனா கழட்டின இடத்தில,
மிளகு போகாத ஓட்டையொண்டால.
பலகைக்குள்ளால ஊர்ந்து
தனக்குத் தோதான இடத்தில இறங்கியிருக்கு.

வீடியோவில அண்ணை பார்த்தார்.
அவருக்குப் பின்னால யன்னலில பனி.
"அந்த மூலை? காத்துப்பெட்டியைச் சுத்தி?
ஸ்குறூத் தலையளுக்கு?"
எல்லாத்துக்கும் அண்ணை.
ரேப் ஒட்டி, துவக்குப்போலக் குழாயைப் பிடிச்சு,
மூச்சடக்கி இழுத்தன்.
சவுக்காரத் தண்ணியில விரலை நனைச்சு
முழு நீளத்துக்கும் ஒருக்கா வழிச்சன்.
ரேப்பை உரிக்கேக்க
அந்த வெள்ளைக்கோட்டுக்காரனை நினைச்சன்.
என்ரை கொஞ்சம் வளைவுதான்.

"மழையில சோதிச்சுப்போட்டுச் சொல்லும்."

ஐப்பசி பதினெட்டு, இரவு ஒண்டரை, கொட்டினது.
எங்கட வீட்டுச் சீற்றுக்கு
ஒழுக்கு எங்கயெங்க எண்டு எங்களுக்குப் பாடம்:
அடுப்படியில பேசின், அலுமாரிக்குப் பக்கத்தில ஐஸ்கிறீம் வாளி.
இந்தமுறை புதுசாய் ஒண்டு,
ஆதிஷின்ர தலைமாட்டில.

திறப்பு என்னட்டத்தானே இருக்கு.
போர்வையால மூடி அவனைத் தூக்கிக்கொண்டு
முழங்கால் தண்ணிக்குள்ளால ஒழுங்கை கடந்து,
பின்னால நிறோஜா, கையில பேசினோட.
"உது ஏன்?" எண்டன்.
"பழக்கத்தில தூக்கிப்போட்டன்" எண்டாள்,
கட்டிலுக்கு நடுவில
கறை இருந்த இடத்துக்கு நேர கீழ வைச்சாள்.
அதைச் சுத்தி மூண்டுபேரும்
கால் மடக்கிப் படுத்தம்.
கூரையில மழை முழங்கினது.
நான் முழிச்சுக்கொண்டு கிடந்தன்,
ஒவ்வொரு ஸ்குறூவாய் எண்ணி,
வளைஞ்ச இடத்தில கொஞ்சம் கூட நேரம் நிண்டு.

விடிய நிறோஜா பேசினுக்குள்ள கைவிட்டுத் தடவினாள்.
காய்ஞ்சுபோய்க் கிடந்தது.
ஒண்டும் சொல்லேல்லை அவள்,
மெத்தை விரிப்பை மட்டும்
முந்தி இருந்தமாதிரியே இழுத்து விட்டாள்.

அண்ணைக்கு எழுதினன்:
"சோதிச்சாச்சு. இரவு முழுக்க.
ஒரு சொட்டும் இல்லை."
பெருவிரல் படமொண்டு அனுப்பினார்.
பிறகு கேட்டார்:
"எத்தினை குழாய் மிச்சம்?"

ஒண்டு, பாதி.
வாயில கட்டிபட்டிட்டுது.
ஆணி குத்தித் திறந்து பார்க்கவேணும்,
மழை ஒருக்கா விடட்டும்.