வழக்கு

ஞாயிறு பதினொன்றே காலுக்குக்
குமுளி மலையிறங்கும் பேருந்தில் அபின் வருவான்.
கூடலூரிலிருந்து நான்.
கம்பத்திலிருந்து நாகூர்கனி, கையில் பன்னீர் திராட்சையோடு.
லோயர் கேம்பில்
மின்நிலையத்துக்குத் தண்ணீர் இறக்கும்
ராட்சதக் குழாய்களைப் பார்த்தபடி
ஞாயிறு திறக்காத பஜ்ஜிக்கடையின் பெஞ்சு.
மூன்று பேர் உட்காரலாம்.
கனி எப்போதும் நின்றுகொண்டே பேசுவான்.

எனக்கு இரண்டு அம்மா.
பேச்சியம்மா பெற்றவள்.
ஏலக்காய் ஸ்டோரில் அவளுக்கு அடுத்த முறத்தில்
காய் பிரித்துக்கொண்டிருந்தவள் லூர்து.
வீட்டில் அம்மா என்பேன், பள்ளியில் சித்தி என்பேன்,
தோட்டத்து ஜீப்பில் யாராவது கேட்டால்
தூரத்துச் சொந்தம் என்பேன்.
ஒரே பாயில் படுக்கும் தூரத்துச் சொந்தம்.

அபினுக்கு அப்பாவும் சசாங்கன் மாமனும்.
அம்மா குவைத்தில் நர்ஸ் என்பான்.
குவைத் போனது நிஜம்.
இவர்கள் வீட்டுக்குத் திரும்பாததும் நிஜம்.

கனிக்கு ஒரே அம்மா. திருநங்கை.
காய்ச்சலில் கிடந்த ஒன்றரை வயசுப் பிள்ளையைத்
தூக்கி வந்து பிழைக்க வைத்தவள்.
ரேஷன் கார்டில் அவன் பெயரேற
ஆறு வருஷம் அலைந்தவள்.

நாங்கள் ஒருவரையொருவர் தேற்றியதெல்லாம் இல்லை.
தகப்பனார் பெயர் என்ற கோட்டில் என்ன எழுதலாம்,
எந்த டீச்சரிடம் முன்கூட்டியே சொல்லலாம்,
எந்த டீச்சர் ஸ்டாஃப் ரூமில் போய்ச் சிரிப்பார்,
இதுதான் பேச்சு.
‘சிரிக்கிறவன் மூஞ்சியப் பாக்காத,
சட்டைப் பொத்தானை எண்ணு,
நாலாவதுக்குள்ள அவனே நிறுத்திருவான்’
என்பான் கனி.
எனக்கு ஒருமுறை ஏழு வரை போனது.

போன வாரம் அபின்
வண்டிப்பெரியாரிலிருந்து ஒருத்தியைக் கூட்டி வந்தான்.
நிவேத்யா. ஒன்பது வயசு. அவளுக்கும் இரண்டு அம்மா.
பேசவே இல்லை.
திராட்சை தின்று கொட்டைகளைப்
பெஞ்சு விளிம்பில் வரிசையாக வைத்தாள்.
பதினாலாவது கொட்டையில் கேட்டாள்:
‘நிங்களுடெ வீட்டில் வழக்குண்டோ?’

‘இருக்கே’ என்றான் கனி.
‘உத்தமபாளையம் கோர்ட்டுல. பதினேழாம் தேதி வாய்தா.
பையனை எங்ககிட்டக் குடுன்னு
சித்தப்பா போட்டது.
பன்னெண்டு வருஷம் கழிச்சு.’

அவள் விழித்தாள்.
அபின்தான் சொன்னான்,
எடா, வழக்கென்றால் எங்களுக்குச் சண்டை.
வீட்டுச் சண்டை.

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம்
குழாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பக்கத்து வீட்டில் வாரம் ஒரு தட்டு
வாசலுக்குப் பறந்து வரும்.
அதை வைத்து, கல்யாணமே தப்பு என்று
யாரும் சொன்னதில்லை.
எங்கள் வீட்டில் கொஞ்சம் குரல் உயர்ந்தால்
லூர்து போய் ஜன்னலைச் சாத்துவாள்.
சாத்திவிட்டு வந்து தொடர்வாள்.

நான்தான் முதலில் சொன்னேன்.
சீட்டுப் பணத்துக்காக மூன்று நாள் பேசாமலிருந்தார்கள்.
உப்பு எங்கே என்று கேட்கவும் நான்தான் தூது.
அபின் சொன்னான்,
மாமன் பையைக் கட்டிக்கொண்டு
குமுளி ஸ்டாண்டு வரை போனதை,
சாவியை மறந்ததாகச் சொல்லித் திரும்பி வந்ததை.
கனி கடைசியில்.
கணக்கில் பதினொரு மார்க்குக்கு அம்மா கரண்டி வீசியது.
புருவத்தில் தழும்பு.
ஜட்ஜ் கேட்டால் சைக்கிளில் விழுந்தேன் என்று
சொல்லச் சொல்லியிருக்கிறார் வக்கீல்.
‘பாசமா இருக்காங்களான்னு கேப்பாங்களாம்.
இருக்காங்க.
ஆனா அந்தக் கரண்டியையும் யார்கிட்டயாச்சும்
சொல்லணும்ல.’

நிவேத்யா எழுந்து அந்தத் தழும்பை
விரலால் தொட்டுப் பார்த்தாள்.
‘சின்னது’ என்றாள், தமிழில்.

ஒன்றே முக்காலுக்குக் குமுளிப் பேருந்து.
கொட்டைகளை அப்படியே விட்டுவிட்டு ஏறினாள்.
வண்டி நகரும்போது
ஜன்னலுக்கு வெளியே தலை நீட்டிக் கத்தினாள்:
அடுத்த ஞாயிறு வேறு ஏதாவது கொண்டு வரணுமாம்,
திராட்சை புளிக்கிறதாம்.